மரத்தின் மேல் போட்ட பழி

என் படகின் டிரான்சத்தை, அதாவது எஞ்சின் தொங்கும் பின்பக்கச் சுவரை, பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே மேலிருந்து கீழே வந்தேன். மேலே 'டக், டக்' என்று கணீரெனக் கேட்டது. எஞ்சின் போல்ட்டுகளைத் தாண்டியதும் சத்தம் கம்ம ஆரம்பித்தது. அடியில், தண்ணீரை வடிக்கும் துளைக்குப் பக்கத்தில், ஈரத்துணி மூட்டையைத் தட்டியதுபோல் 'தொப்' என்றது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது: உள்ளே இருக்கும் மரம் அழுகிவிட்டது. புரியாதவன்போல் இன்னும் ஐந்து நிமிஷம் தட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முந்தைய இரண்டு வருஷமாகவே படகு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. 18 அடி ஃபைபர் படகு. மீன்பிடிக்கப் போவதற்கென்றே கட்டியது. வயது முப்பதைத் தாண்டிவிட்டது, என் கைக்கு வந்தே பதினோரு வருஷம். முன்பெல்லாம் எஞ்சினை முறுக்கினால் சட்டென்று எழும்பித் தண்ணீர்மேல் ஓடும். பிறகு அணியத்தை, அதாவது முன்பகுதியை, தூக்கிக்கொண்டு திணற ஆரம்பித்தது. எஞ்சினைத் திட்டினேன், புரொப்பெல்லரை மாற்றினேன், பெட்ரோலைச் சந்தேகப்பட்டேன். தளத்தில் ஓரிடம் காலுக்கடியில் அமுங்கியதை மட்டும் 'பழசு என்றால் அப்படித்தான்' என்று விட்டுவிட்டேன். கடைசியில் ஒருநாள் எஞ்சினைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் அடிப்பாகத்தில் உடம்பின் எடையைப் போட்டு அழுத்தினேன். டிரான்சத்தின் மேல்விளிம்பு கண்ணுக்குத் தெரியும்படி அசைந்தது. நூறு கிலோவுக்கு மேற்பட்ட எஞ்சின் அந்தப் பலகையை நம்பித்தான் தொங்குகிறது.

பழுதுபார்க்கும் வேலையெல்லாம் முடிந்து ஒரு வருஷம் ஆகிறது. எப்படிச் செய்தாய், எழுது என்று நண்பர்கள் கேட்டபடி இருக்கிறார்கள். எழுத உட்காரும்போதெல்லாம் மனசு நேராக ஒரே இடத்தில் போய் நிற்கிறது: டிரான்சத்தின் வலது பக்கம், அடிவிளிம்பிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்த இரண்டு சின்னத் துளைகள். அங்கே வருகிறேன். அதற்கு முன்னால் தளத்தைத் திறக்க வேண்டும்.

தளத்துக்கு அடியில்

வட்ட ரம்பத்தின் ஆழத்தைத் தளத்தின் கனத்துக்கு மேல் போகாதபடி வைத்து, ஓரத்தில் சுற்றிலும் இரண்டங்குல விளிம்பை விட்டு வெட்டினேன். புதுத் தளத்தை உட்கார்த்த அந்த விளிம்பு வேண்டும். தளத்தைத் தூக்கியதும் முதலில் வந்தது வாசனைதான். பல நாள் மூடிக் கிடந்த பானைக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது. கீழே மிதவைக்காக ஊற்றியிருந்த பாலியூரித்தேன் ஃபோம், தேநீர் நிறத்தில் கிடந்தது. கையால் அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது.

இந்த வகை ஃபோம் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 32 கிலோ இருக்கும். என் படகுக்குள் இருந்தது அரைக் கன மீட்டருக்கும் குறைவு. காய்ந்த நிலையில் அத்தனையும் சேர்ந்து 15 கிலோவைத் தாண்டக் கூடாது. சாக்கில் அள்ளி ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தேன். ஏழாவது சாக்கிலேயே 100 கிலோவைக் கடந்துவிட்டது, அதற்குமேல் எடை போட மனசு வரவில்லை. ஃபோமின் அறைகள் மூடிய அறைகள், தண்ணீர் புகாது என்றுதான் சொல்வார்கள். புதிதில் அது உண்மை. முப்பது வருஷம் அலையில் அடிபட்டு அறைச்சுவர்கள் நொறுங்கிய பிறகு, வடிய வழியில்லாமல் மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறினால் எது தாங்கும்? நான்கு தடித்த ஆட்களைத் தளத்துக்கடியில் படுக்க வைத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போய்வந்திருக்கிறேன் என்று அப்போது தோன்றியது. சரி, நான்கு வேண்டாம், ஒன்றரை.

ஃபோமைச் சுரண்டி எடுத்ததும் ஸ்டிரிங்கர்கள் தெரிந்தன. டிரான்சத்திலிருந்து அணியம்வரை நீளமாக ஓடும் இரண்டு மரச்சட்டங்கள், மேலே கண்ணாடி இழையும் அதை இறுகப் பிடிக்கும் ரெசின் பசையும் போர்த்தியவை. அணியத்துப் பக்கம் உளியால் தட்டினால் உளி துள்ளியது; மரம் அன்றைக்கு அறுத்ததுபோல் இருந்தது. பின்னால் வர வர நிறம் மாறியது. கடைசி மூன்றிலொரு பங்கில் மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடி இழைக் கூட்டுக்குள் கையை விட்டுக் கறுப்புச் சகதியை வழித்தெடுத்தேன். இடது சட்டத்தைவிட வலது சட்டம் மோசம். அது ஏன் என்று அப்போதே ஒரு நிமிஷம் யோசித்தேன். படகு சாய்ந்து நின்றிருக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

கூடு மட்டும் உறுதியாக நின்றதைக் கவனிக்க வேண்டும். ஸ்டிரிங்கரில் சுமையைப் பெரும்பாலும் தாங்குவது மேலே போர்த்திய இழைதான், உள்ளே இருக்கும் மரம் அதற்கு வடிவம் கொடுக்கும் அச்சு என்று பலர் சொல்வார்கள். இழை தாராளமாகப் போட்டிருந்தால் அது சரி. என் படகில் போட்டிருந்தது சட்டை கனத்துக்குத்தான். அதனால்தான் மரம் போனதும் தளம் அமுங்கியது.

அந்த வாரம் முழுக்க நான் மரத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்த்து ரே கிரீன் என்பவர் 1942இல் அமெரிக்காவில் சிறு படகு கட்டினார். அன்று தொடங்கி ஃபைபர் படகுக்காரர்கள் சொல்லி விற்றது 'இது அழுகாது' என்பதைத்தான். வெளியே அழுகாத தோலைப் போட்டுவிட்டு உள்ளே அழுகக்கூடிய மரத்தை எதற்கு வைக்க வேண்டும்? படகைக் கட்டியவர்கள் சோம்பேறிகள், எனக்கு விற்றவர் ஏமாற்றுக்காரர், இனி என் படகில் ஒரு குச்சி மரம்கூட இருக்காது என்று பார்ப்பவரிடமெல்லாம் பேசினேன். படகுப் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் அவ்வப்போது வந்து பார்ப்பார். பேச்சைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார்: "மரத்தைத் திட்டுறது இருக்கட்டும் தம்பி, தண்ணி எந்த வழியா வந்துச்சுன்னு பாத்தியா?" வடிகால் துளை வழியாகத்தான் என்று சொன்னேன். படகு கட்டும்போதே அந்தத் துளையின் உள்சுவரை ரெசின் பூசி மூடாமல் ஒரு பித்தளைக் குழாயைச் செருகி விட்டிருந்தார்கள். குற்றவாளி கிடைத்துவிட்டான் என்ற நிம்மதி எனக்கு. அவர் "ம்" என்றார்.

வடிவத்தைப் பிடித்து வைப்பது

ஸ்டிரிங்கரை எடுத்துவிட்டால் படகின் அடிப்பாகம் வெறும் ஓடு. ஃபைபர் ஓடு தன் வடிவத்தைத் தானே வைத்துக்கொள்ளும் என்று நினைப்பது தப்பு. தாங்கல் எங்கே இருக்கிறதோ அங்கே மேடாகும், இல்லாத இடத்தில் தொங்கும். தொங்கிய வடிவத்திலேயே புதுச் சட்டத்தை ஒட்டிவிட்டால் அது நிரந்தரம். அமரத்துக்கு, அதாவது படகின் பின்முனைக்கு, முன்னால் உள்ள ஐந்தடி நீளம் கோல் போட்டதுபோல் நேராக இருக்க வேண்டும். அங்கே கொக்கிபோல் கீழே வளைந்துவிட்டால் வேகமெடுக்கும்போது அணியம் தண்ணீரை உழும். அதனால் வெட்டுவதற்கு முன்பே இரண்டடிக்கு ஒரு தாங்கல் கொடுத்து, இரு பக்கச் சுவர்களும் அகன்றுவிடாதபடி மேலே குறுக்குக் கட்டைகளை அடித்து, நடுவில் நூல் கட்டி, நூலிலிருந்து அடித்தளம்வரை எட்டு இடங்களில் அளந்து குறித்துக்கொண்டேன். ஒரு பக்கச் சட்டத்தை எடுத்து, புதியதைப் போட்டு, அது இறுகிய பிறகுதான் அடுத்த பக்கத்தைத் தொட்டேன். அப்படியும் ஒருநாள் காலை அளந்தபோது ஓரிடத்தில் 4 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. ராத்திரி மழையில் மண் இளகித் தாங்கல் புதைந்துவிட்டது. ஜாக்கி வைத்து மெதுவாக ஏற்றினேன்.

பழைய சட்டத்தின் உயரத்தையும் அளந்து எழுதி வையுங்கள். சட்டத்தின் விறைப்பு அதன் உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். உயரம் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். தளத்தைக் கொஞ்சம் இறக்கிப் போட்டால் உட்கார வசதி என்று எனக்கும் ஆசை வந்தது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

பிறகு கிரைண்டர். இதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. முழு உடை, முகக்கவசம், கையுறைமேல் ஒட்டுநாடா எல்லாம் போட்டாலும் இழைத்தூள் எப்படியோ உள்ளே போய்விடும். வேலை முடிந்ததும் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும். வெந்நீர் பட்டால் தோலின் துளைகள் விரிந்து அரிப்பு உள்ளே இறங்கிவிடும் என்பார்கள். காரணம் சரியோ தவறோ, முதல் நாள் வெந்நீரில் குளித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தவன் நான்.

கறை

டிரான்சம் என்பது இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே வைத்த பிளைவுட் பலகை. அதை உள்பக்கமாகத் திறந்தேன். உள்தோலை வெட்டி உரித்துவிட்டு, பிளைவுட்டைத் துண்டு துண்டாகக் கழற்ற வேண்டும். வெளித்தோலைத் தொடவே கூடாது, அதுதான் புதுப் பலகைக்கு அச்சு. மேலே இரண்டு மூலைகளிலும் மரம் இறுகியிருந்தது, உளியும் சுத்தியலும் போட்டு அரைநாள் போராடினேன். கீழே நனைந்த அட்டைபோல் கையோடு வந்தது.

வந்த துண்டுகளைக் குப்பையில் போடாமல் பக்கத்துத் தரையில் அதே வரிசையில் அடுக்கினேன். எதிலும் ஒழுங்கு பார்க்கும் ஆள் இல்லை நான். புதுப் பலகைக்கு அளவெடுக்க வேண்டும் என்பதற்காக அடுக்கியதுதான். சாயங்காலம் எழுந்து நின்று முதுகை நிமிர்த்தும்போது மேலிருந்து பார்த்தேன். தரையில் ஒரு வரைபடம் இருந்தது. மேல் மூலைகளில் வெளிர் மஞ்சள். அதிலிருந்து இறங்க இறங்கப் பழுப்பு, கரும்பழுப்பு, கறுப்பு. மலையின் உயரத்தைக் கோடு கோடாகக் காட்டுவார்களே, அப்படி நிறங்கள் வளையம் வளையமாக ஓர் இடத்தைச் சுற்றி நின்றன. அந்த இடம் வடிகால் துளை இல்லை. துளையைச் சுற்றி இருந்தது பழுப்புதான், விரல் நகத்தால் அழுத்தினால் தாங்கியது. கறுப்பின் நடுப்புள்ளி அதற்கு ஒன்றேகால் அடி வலப்பக்கம் தள்ளி இருந்தது.

அங்கே இரண்டு திருகாணிகள். மீன் தேடும் கருவியின் உணரியைப் பிடித்திருந்த திருகாணிகள். எஞ்சின் பக்கத்திலிருந்து பார்த்தால் வலப்பக்கம்தான் பொருத்த வேண்டும், புரொப்பெல்லரின் இறக்கை அந்தப் பக்கம் கீழ்நோக்கிச் சுற்றுவதால் நுரைத் தொந்தரவு குறைவு என்று கருவியோடு வந்த தாளில் போட்டிருந்தது. அந்தத் தாளைப் படித்தவன் நான். துளை போட்டவனும் நான்.

படகு வாங்கிய முதல் வருஷம். மறுநாள் விடியற்காலை கிளம்ப வேண்டும், முந்தைய நாள் இருட்டும் நேரத்தில் பொருத்தினேன். பத்து நிமிஷ வேலை. துளைக்குள் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் பசையின் ட்யூபை எடுத்துப் பிதுக்கினால் முனையில் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. கடைக்குப் போக நேரமில்லை. ஒரு தடவை போய்வந்துவிட்டு அப்புறம் கழற்றிப் பூசிக்கொள்ளலாம் என்று முறுக்கிவிட்டேன். அந்த 'அப்புறம்' பத்து வருஷத்துக்குமேல் வரவில்லை.

ஒரு திருகாணியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். வெளியே தெரிந்த தலை பளபளவென்று புதிதாக இருந்தது. உள்ளே இருந்த தண்டு எலி கடித்த பென்சில்போல் பாதி கனத்துக்கு மெலிந்து, குழி குழியாக அரித்திருந்தது. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரைதான். அதன் மேலே படியும் மெல்லிய குரோமிய ஆக்சைடு படலம்தான் காவல். ஆக்ஸிஜன் இல்லாத ஈர மரத்துக்குள் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாமல் உலோகம் அரிக்க ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் படகைக் கழுவி, அந்தத் தலைகளைத் துடைத்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

வலது ஸ்டிரிங்கர் ஏன் மோசம் என்பதற்கும் அப்போதுதான் விடை வந்தது. வடிகால் துளை நடுவில் இருக்கிறது. அதுதான் காரணம் என்றால் இரண்டு சட்டங்களும் ஒரே அளவில் அழுகியிருக்க வேண்டும். சட்டத்தின் நுனி டிரான்சத்தில் போய் முட்டி நிற்கிறது; மரம் நாரோட்டத்தின் வழியாகத்தான் வேகமாகத் தண்ணீர் குடிக்கும். டிரான்சத்தில் ஊறிய தண்ணீரை வலது சட்டம் வருஷக்கணக்கில் உறிஞ்சியிருக்கிறது. உப்புத் தண்ணீராக இருந்திருந்தால்கூட அழுகல் இவ்வளவு ஓடியிருக்காது, உப்பு அந்தப் பூஞ்சையை மட்டுப்படுத்தும். நான் போனதெல்லாம் ஏரியும் ஆறும்.

எல்லாப் பழியும் அந்த இரண்டு துளைகளுக்கு இல்லைதான். இருக்கைகளைப் பொருத்திய திருகாணிகளும் தளத்துக்குள் மழைத்தண்ணீரை விட்டிருக்கின்றன, அவை எனக்கு முந்தையவர் போட்டவை. வடிகால் துளையும் சுத்தமான கை இல்லை. ஆனால் அந்தச் சாயங்காலம் அதையெல்லாம் எண்ணிப் பார்த்தும் மனசு ஆறவில்லை. ஒரு வாரமாக யாரையெல்லாம் திட்டினேன் என்று ஒரு பட்டியல் தானாக ஓடியது. அண்ணனைக் கூப்பிட்டுத் தரையில் கிடந்ததைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், கறுப்பின் நடுவில் கால் பெருவிரலை வைத்தார். "யாரு போட்டது?" நான் பதில் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை.

மறுபடியும் மரம்தான்

மரமே வேண்டாம் என்று முடிவுகட்டி, அழுகாத ஃபோம் பலகை விசாரித்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு மரைன் பிளைவுட்டுக்கே திரும்பினேன். நல்ல ஃபோம் பலகை நல்ல பொருள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எஞ்சின் போல்ட் நெரிக்கும் இடத்தில் சாதாரண ஃபோம் நசுங்கும், அங்கே அடர்த்தி கூடிய வேறு பலகையை வைக்க வேண்டும். பிளைவுட்டுக்கு அந்தக் கவலை இல்லை. ஈரம் இருபது சதவீதத்துக்குள் இருக்கும்வரை அழுகல் பூஞ்சையால் மரத்தை ஒன்றும் செய்ய முடியாது. முப்பது வருஷம் ஆகியும் அந்த மேல் மூலைகள் உளியை எதிர்த்து நின்றதை என் கைகளே பார்த்தன. தண்ணீர் போகாத இடத்தில் மரத்துக்கு ஒரு கேடும் வரவில்லை.

18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டை, இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் எபாக்ஸி ரெசினால் ஒன்றோடொன்று ஒட்டி, விளிம்புகளை மூன்று முறை பூசி மூடினேன். பாலியெஸ்டர் ரெசினா எபாக்ஸியா என்பது முடிவில்லாத சண்டை. புதுப் படகை அச்சில் போடும்போது பாலியெஸ்டர் போதும். முதல் அடுக்கு முழுசாக இறுகுமுன்னே அடுத்தது மேலே வந்துவிடும், இரண்டும் ரசாயனமாகப் பிணைந்துகொள்ளும். முப்பது வருஷம் இறுகிய ஓட்டில் அப்படிப் பிணைய ஒன்றும் மிச்சமில்லை. கீறிவிட்ட கரடுமுரடைப் பிடித்துக்கொண்டுதான் ஒட்ட வேண்டும், அந்த வேலைக்கு எபாக்ஸியின் பிடி நல்ல பிடி. உள்தோலின் விளிம்பை 12க்கு 1 என்று சரித்தேன், அதாவது 5 மில்லிமீட்டர் கனத்துக்கு 60 மில்லிமீட்டர் சரிவு. இரண்டு திசையில் ஓடும் கண்ணாடி இழைகளை நூலால் தைத்துச் சேர்த்த பையாக்சியல் துணியை எடுத்தேன். நறுக்கிய இழைகளைப் பசையால் ஒட்டிச் செய்த சாதாரண விரிப்பை எபாக்ஸியோடு சேர்க்காதீர்கள். அதில் இழைகளை ஒட்டிவைக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில் கரைய வேண்டியது. எபாக்ஸியில் அது கரையாமல் வெள்ளை வெள்ளையாக விறைத்து நிற்கும்.

எபாக்ஸியில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். அரை லிட்டர் கலந்து, உயரமான டப்பாவிலேயே வைத்துவிட்டு, துணியை அளக்கப் போனேன். திரும்பி வந்தால் டப்பா புகைந்துகொண்டிருந்தது, அடி இளகித் தரையில் ஒட்டிவிட்டது. கலந்த எபாக்ஸி இறுகும்போது தானே சூடாகும், அதனால் கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிவிட வேண்டும். சூடு பரவி வெளியேறும், கூடுதல் நேரமும் கிடைக்கும்.

சட்டத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே மரம் நேராக முட்டாதபடி ஒரு விரல் கனம் இடைவெளி விட்டு, கெட்டியாக்கிய எபாக்ஸியைப் பற்பசைப் பதத்தில் அடைத்தேன். மரத்தின் விளிம்பு நேராக ஓட்டில் முட்டினால் ஒவ்வொரு அலைக்கும் அந்தக் கோட்டிலேயே அடி விழும். மூலைகளை வளைவாக வழித்துவிட்டு, அதன்மேல் துணியை மூன்று அடுக்கு போட்டேன், ஒவ்வொன்றும் முந்தையதைவிட இரண்டங்குலம் அகலம். ஃபோமைத் திரும்ப ஊற்றினேன்; படகு கவிழ்ந்தாலும் மூழ்கக் கூடாதே. ஆனால் அடியில் தண்ணீர் அமரத்துக்கு ஓடிவர ஒரு வாய்க்கால் விட்டிருக்கிறேன்.

எஞ்சின் போல்ட்டுக்குத் துளை போடும் நாளில்தான் கை நடுங்கியது. புதுப் பலகை, நானே கட்டியது, அதில் நானே ஓட்டை போட வேண்டும். 20 மில்லிமீட்டருக்குத் துளைத்து, முழுக்க எபாக்ஸியால் அடைத்து, இரண்டு நாள் கழித்து அதன் நடுவில் 13 மில்லிமீட்டர் துளை. இப்போது போல்ட்டைச் சுற்றி இருப்பது எபாக்ஸிக் குழாய், மரம் அதற்கப்பால். வடிகால் துளைக்கும் அதே வைத்தியம்.

மீன் தேடும் கருவியை மட்டும் பல மாதம் பொருத்தாமலே இருந்தேன். கடைசியில் வெட்டிப்போட்ட இழைத்துண்டுகளை அடுக்கி ஒட்டி, உள்ளங்கை அகலத்தில் 20 மில்லிமீட்டர் கனமான ஒரு கட்டி செய்து, அதை டிரான்சத்தின் வெளித்தோலில் எபாக்ஸியால் ஒட்டினேன். உணரியின் திருகாணிகள் அந்தக் கட்டிக்குள்ளேயே நின்றுவிடும். துளையிடும் பிட்டில் 12 மில்லிமீட்டர் அளந்து ஒட்டுநாடா சுற்றினேன். நாடா கட்டியைத் தொடும்வரை மெதுவாக அழுத்தினேன், பிட்டை வெளியே இழுத்தேன், குனிந்து பார்த்தேன். வெள்ளைத் தூள் மட்டும்தான் வந்திருந்தது. இரண்டாவது துளையிலும் அப்படியே. சீலன்ட் ட்யூபை எடுத்துப் பிதுக்கினேன், முனையில் காய்ந்திருந்தது. எழுந்து கையைக் கழுவிவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன்.